பதினான்காம் நம்பர் வீட்டு அட்வான்ஸ்

ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்திருக்கிறேன் என்றுதான் கேவின் சொன்னான். ஆனால் அவன் அளந்தது சுவரை. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை மூன்று தடவை அளந்து, விரலால் தட்டிப் பார்த்து, போனில் குறித்துக்கொண்டான். லொரெய்ன் போட்டுக் கொடுத்த டீயை நின்றபடியே குடித்தான். "அருமையான டீ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்காரரின் மகன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று லொரெய்ன் ஆக்டனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்குள் இரண்டு வீடுகளைப் பிறர் சொல்லிக் காலி செய்தவள் அவள். இரண்டு தடவையும் முதலில் யாரோ எதையோ அளக்கத்தான் வந்தார்கள்.

லண்டனுக்கு வெகு வடக்கே, பேட்லி ஊரில் மேட்டுத் தெருவின் பதினான்காம் நம்பர் வீட்டில் அவளும் தம்பி ரோனியும் பதினோரு வருஷமாகக் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஆர்னல்ட் தோர்ப் பக்கத்திலேயே, பன்னிரண்டாம் நம்பரில் இருந்தார். கம்பளி மில்லில் இருபது வருஷம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்த மனிதர். அரசாங்கம் அச்சடிக்கும் எந்த நோட்டீஸானாலும் கையில் பென்சிலோடு உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். எண்பத்தாறு வயதில், மார்ச் மாதம், மாடிப்படியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பக்கவாதமும் வந்து, இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டு விவகாரம் எல்லாம் மகன் கைக்குப் போய்விட்டது. கேவினுக்குத் தெற்கே, லண்டன் பக்கம், சமையலறை அலமாரி விற்கிற பெரிய கடை இருந்தது.

"கேவின் நல்ல பையன்தான். ஆனா எந்த வீட்டைப் பார்த்தாலும் செவுத்தை இடிச்சுப் பெரிய சமையலறை ஆக்கி வித்துடணும்னு தோணும் அவனுக்கு" என்று ஆர்னல்ட் முன்பு சொல்லிச் சிரிப்பார். இப்போது அந்தச் சிரிப்பு லொரெய்னுக்கு ஞாபகம் வந்தது.

அவளுக்குத் தன்னைப் பற்றிய கவலை இல்லை. கவலை எல்லாம் ரோனியைப் பற்றித்தான். ஐம்பத்தோரு வயது ரோனிக்கு எதுவும் இருந்த இடத்தில் இருந்தபடி இருக்க வேண்டும். மேட்டுக்குக் கீழே உள்ள நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தொட்டிகளை அடுக்குவதும் அவன் வேலை. வீட்டு வாசலில் இருந்து அங்கே போக, அவன் எண்ணிய கணக்கில், ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. அதைத் தனியாக நடக்க அவனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இதற்கு முந்தைய வீட்டை விட்டு வந்தபோது ஐந்து மாதம் அறையை விட்டு அவன் வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு லொரெய்ன் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இன்னொரு தடவை அது நடந்தால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ரோனியிடம் இன்னொன்றும் உண்டு. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வான். கேட்காவிட்டால் வாயே திறக்க மாட்டான். ஒரு தடவை வீட்டுச் சாவி தொலைந்து, பூட்டுக்காரனை வரவழைத்து, அவன் கதவைப் பாதி அறுத்த பிறகுதான் லொரெய்ன் தம்பி பக்கம் திரும்பி, "நீ பார்த்தியாடா?" என்று கேட்டாள். "என் பாக்கெட்ல இருக்கு" என்றான் ரோனி.

லொரெய்ன் ஆரம்பப் பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை மத்தியானம், கஸ்டர்ட் தட்டுகளைத் தேய்க்கும்போது, கூட வேலை பார்க்கும் பெவர்லியிடம் விஷயத்தைச் சொன்னாள். பெவர்லிக்கு எல்லாச் சட்டமும் தெரியும். அவளுக்குத் தெரிந்தது அன்று மாலைக்குள் ஊருக்கும் தெரிந்துவிடும். "உன் காதுல போட்டா பெவர்லி வாயில வரும்" என்று ஆர்னல்ட்கூட லொரெய்னைக் கிண்டல் செய்வார்.

"அட்வான்ஸ் எவ்ளோ குடுத்த?" என்று கேட்டாள் பெவர்லி.

"நானூத்தி எழுபத்தஞ்சு பவுண்ட்."

"எங்க பதிஞ்சு வெச்சிருக்கார்?"

"பதியணுமா?"

பெவர்லி ஸ்பான்ஜைக் கீழே வைத்தாள். வீட்டுக்காரன் அட்வான்ஸை வாங்கினால் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, முப்பது நாளுக்குள் அதற்கென்று இருக்கிற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்தாக வேண்டும், பதியாவிட்டால் மூன்று மடங்கு வரை அபராதம் கேட்கலாம் என்று வரிசையாகச் சொன்னாள். அவளுடைய அக்கா மகன் அப்படி வாங்கி ஸ்பெயினுக்கே போய் வந்தானாம். இருவரும் ஈரக் கையோடு பெவர்லியின் போனில் மூன்று திட்டத்திலும் தேடினார்கள். மூன்றிலும் லொரெய்ன் பெயர் இல்லை.

"கெழவன் ஏமாத்திட்டான்டி உன்னை" என்றாள் பெவர்லி. "அவங்க காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி பணத்தைக் கைக்கு வாங்கிடு. அப்புறம் செவுத்துல ஆணி, கார்ப்பெட்ல கறைன்னு ஒவ்வொண்ணா கழிச்சிடுவாங்க."

லொரெய்னுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நர்சரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு பிடிக்க வேண்டும் என்றால் அங்கேயும் அட்வான்ஸ் கேட்பார்கள். அவளிடம் அந்த நானூற்று எழுபத்தைந்தைத் தவிர வேறு பணம் இல்லை. ஆனால் ஆர்னல்டா? தெருவிளக்கு ஒன்று எரியவில்லை என்று நகராட்சிக்குப் பதினேழு கடிதம் போட்டவர், பதினோரு வருஷத்தில் ஒரே தடவை வாடகை ஏற்றியவர், அவராகவே ஏணி போட்டு அவள் வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலையை அள்ளியவர், இவ்வளவு சின்ன விதியையா மறந்திருப்பார்? மறக்கவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் இலவசமாக யோசனை சொல்லும் ஒரு தாத்தா உட்காருவார். அவர் இரண்டு தாள் கொடுத்தார். முதல் தாளில் பணத்தைக் கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது என்று இருந்தது. "ரெண்டாவதையும் கண்டிப்பா படிச்சிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். லொரெய்ன் முதல் தாளைப் பஸ்ஸிலேயே படித்து முடித்தாள். இரண்டாவதின் பின்பக்கத்தில் வாங்க வேண்டிய சாமான்களை எழுதி, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

போன் செய்து பணம் கேட்பது அவளால் முடியாத காரியம். அந்த ஊரில் கடன் கொடுத்தவர்தான் கூச்சப்படுவார். அதனால் கடிதம் எழுதினாள். தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று தொடங்கி, கேவினின் வியாபாரத்தை விசாரித்து, தெற்கே மழை எப்படி என்று கேட்டு, நடுவில் இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டு, கடைசி வரியில், உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பித் தர முடியுமா என்று முடித்தாள். எதைப் பற்றி என்று ரோனி கேட்டதற்கு, கேவினிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதாகச் சொல்லி உறையை அவன் கையில் கொடுத்தாள். அவன் வேலைக்குப் போகும் வழியில் முந்நூறாவது அடியில்தான் தபால் பெட்டி.

பத்து நாள் ஆயிற்று. பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வழக்கம்போல ஆர்னல்டைப் பார்க்கப் போனார்கள். பதினோரு வருஷமாக ரோனியும் அவரும் வாரம் தவறாமல் டாமினோ ஆடுகிறவர்கள். இப்போதும் ரோனி கட்டைகளை அடுக்கி வைப்பான். அவர் இடது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "வேண்டாம்". டீ கொண்டு வந்தாலும் "வேண்டாம்" என்பார், பிறகு ஆவலாக வாங்கிக் குடிப்பார். நர்ஸ்கள் அந்தச் சொல்லைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

லொரெய்ன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோபப்படக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஆர்னல்ட், என் அட்வான்ஸை நீங்க எங்கேயும் பதியலையாமே. அதைக் கேவின்கிட்ட திருப்பிக் கேட்டிருக்கேன்."

அவர் கை டாமினோவை விட்டுவிட்டது. லொரெய்னின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"வேண்டாம்" என்றார். "வேண்டாம். வேண்டாம்."

கண்ணில் தண்ணீர் வழிந்தது. லொரெய்ன் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பேச்சே போன பிறகும் பணத்தை விட மனசில்லையே என்று நினைத்தாள். பணம் போனதைவிட அதுதான் அதிகமாக வலித்தது. அவரைத் தன் அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தாள். ரோனி வெளியே வர இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை.

அந்தக் கோபத்தில் எழுதிய இரண்டாவது கடிதத்தில் ஒரே ஒரு மன்னிப்புதான் இருந்தது. மூன்று மடங்கு என்ற சொல்லும் இருந்தது. பெவர்லி அதைப் படித்துவிட்டு, "இப்பதான் நீ மனுஷி" என்றாள். அதையும் ரோனிதான் எடுத்துப் போனான். அதற்கும் பதில் இல்லை. பெவர்லி பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் எல்லாம் தோர்ப் குடும்பத்தின் யோக்கியதையைச் சொல்லி முடித்திருந்தாள். இனிமேல் பின்வாங்கவும் வழி இல்லை. லொரெய்ன் ஒரு கப் டீ குடித்து, இன்னொரு கப் குடித்து, கேவினுக்குப் போன் போட்டாள்.

"கடிதமா? எனக்கு ஒண்ணும் வரலியே" என்றான் கேவின்.

தபால்காரர்களைத் திட்டிக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். அப்பாவின் காகிதங்களைப் பார்த்து, வக்கீலையும் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான். சொன்னபடி கூப்பிட்டான். குரலில் தேன் ஒழுகியது.

"தப்பு எங்க பக்கம்தான் லொரெய்ன். முழுப் பணத்தையும் உடனே திருப்பித் தந்துடறேன். பதினோரு வருஷத்துக்கு வட்டியும் சேர்த்து வாங்கிக்கோங்க. உங்க பேங்க் நம்பரை அனுப்புங்க, இன்னைக்கே போட்டுடறேன்."

லொரெய்னுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மடங்கு என்று எழுதியதற்காக, அவனுக்கு வந்தே சேராத அந்தக் கடிதத்துக்காக, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள். அப்பனைவிட மகன் யோக்கியன் என்று மறுநாள் பெவர்லியிடம் சொன்னாள். பெவர்லிக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

மூக்குக் கண்ணாடி கைக்கு எட்டவில்லை. அதனால் கார்டைப் பார்த்து நம்பரை அனுப்பும்படி ரோனியிடம் போனைக் கொடுத்தாள். எண் விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. எந்த வருஷம் எந்த வாரம் ஆர்னல்டை எத்தனை புள்ளியில் ஜெயித்தான் என்று இன்றைக்கும் சொல்வான். ஆனால் போட்ட பணம் போன வேகத்தில் கேவினிடமே திரும்பி வந்துவிட்டது. பேங்க் கோளாறு என்று லொரெய்ன் முடிவு கட்டினாள்.

கேவின் சளைக்கவில்லை. செக் அனுப்பினான். பேட்லியில் அவள் கணக்கு வைத்திருந்த கிளையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. புதன்கிழமை காலையில் மட்டும் சூப்பர் மார்க்கெட் வாசலில் பேங்க் வேன் வந்து நிற்கும். அதுவரை செக் கடிகாரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சமையல்கூட ஏப்ரனை வாஷிங் மெஷினில் இருந்து எடுத்து உதறினாள். பாக்கெட்டுக்குள் இருந்து வெள்ளை வெள்ளையாகக் கூழ் உதிர்ந்தது. கேவினின் கையெழுத்தில் ஒரு வால் மட்டும் தெரிந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்துக்குப் பின்னால் இருந்ததை எப்போது எடுத்தோம், ஏப்ரனில் எப்போது வைத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள் அம்மாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பித்தது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ரோனியின் கதி என்ன என்ற பயம் முதல் தடவையாக அவளைப் பிடித்துக்கொண்டது. ரோனி வந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தான். பக்கத்திலேயே நெடுநேரம் நின்றான். ஏதோ கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தது போலிருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை.

கேவினிடம் சொன்னபோதும் அவன் கோபப்படவில்லை. "பரவாயில்லை, சனிக்கிழமை நானே நேர்ல கொண்டு வரேன்" என்றான். நானூற்று எழுபத்தைந்து பவுண்டுக்காக நாலரை மணி நேரம் கார் ஓட்டி வரும் மனிதனைப் பற்றிப் பெவர்லிக்குக்கூடச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. லொரெய்ன் வெள்ளிக்கிழமையே இஞ்சிக் கேக் செய்து வைத்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கேவின் வந்தான். இந்தத் தடவை உட்கார்ந்து டீ குடித்தான். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டான். பிறகு தோல் பையைத் திறந்து, வட்டியோடு சேர்த்துப் பத்து பவுண்ட் நோட்டுகளை மேஜை மேல் எண்ணி வைத்து, மேலே ஒரு அச்சடித்த ரசீதையும் வைத்துப் பேனாவை நீட்டினான். மேஜையின் அந்தக் கோடியில் ரோனி டாமினோக்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"முழு அட்வான்ஸும் திரும்பக் கிடைச்சதுன்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, போதும்."

பைக்குள் இன்னொரு பழுப்பு உறை இருந்தது. அதன் மேல் தன் பெயரை லொரெய்ன் பார்த்தாள். கேவின் முழங்கையால் பையை மூடினான்.

"அது என்ன?"

"அது வேற விஷயம். முதல்ல இதை முடிச்சுடலாம்." பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, போனை எடுத்துக் காட்டிச் சிரித்தான். "பாருங்க, நீங்க அனுப்பின நம்பர்ல நாலாவதும் அஞ்சாவதும் இடம் மாறியிருக்கு. நேத்து அப்பாவோட வாடகைப் புத்தகத்துல எழுதியிருந்த உங்க நம்பரைப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சது. அன்னைக்கே சரியா வந்திருந்தா போன மாசமே முடிஞ்சிருக்கும்."

பேனா தாளில் பட்ட இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழுந்தது. லொரெய்ன் அந்தப் புள்ளியையே பார்த்தாள். எண்ணில் தவறாதவன் எண்ணை மாற்றியிருக்கிறான். இரண்டு கடிதம் போய்ச் சேரவில்லை. முப்பது வருஷ வேலையில் அவள் ஏப்ரன் பாக்கெட்டில் காகிதம் வைத்ததே கிடையாது. மெதுவாக நிமிர்ந்து மேஜையின் கோடியைப் பார்த்தாள்.

"ரோனி, என் ரெண்டு லெட்டரையும் என்னடா பண்ணின?"

"என் டிராயர்ல இருக்கு."

"இந்த நம்பர்?"

"நான்தான் மாத்தினேன்."

"செக்?"

"உன் ஏப்ரன்ல நான்தான் வெச்சேன்."

கேவின் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டான். லொரெய்னுக்கு வந்தது கோபமா, தனக்கு மறதி நோய் இல்லை என்ற நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டாள்.

"ஏன்டா?"

ரோனி கடைசி டாமினோவை வரிசையில் நேராக நிறுத்தினான். பிறகு கேவினைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

"படியில விழறதுக்கு முன்னாடி, டாமினோ ஆடும்போது ஆர்னல்ட் என்கிட்ட சொன்னார்: 'அந்தப் பணத்தை வேணும்னேதான் எங்கேயும் பதியாம வெச்சிருக்கேன் ரோனி, பதியாத அட்வான்ஸ் உங்க கைக்குத் திரும்பி வராத வரைக்கும், எனக்கப்புறம் என் பையனே வந்தாலும் சட்டப்படி உங்க ரெண்டு பேரையும் காலி பண்ணச் சொல்ல முடியாது.'"